தெர்மக்கோலில் குத்தி வைத்த ஐ.சி.க்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஜவ்வாது மலைமேல் இருந்த ஒரு ரிலே நிலையத்தில் நான் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். ஒரு பக்கத்திலிருந்து வரும் தொலைபேசிப் பேச்சை வாங்கி, வலுவேற்றி, மறு பக்கத்துக்கு அனுப்புவது அந்த நிலையத்தின் வேலை. ஓர் இரும்புக் கோபுரம், இயந்திர அறை, அதை ஒட்டி ஸ்டோர், சற்றுத் தள்ளி ஆறு குவார்ட்டர்ஸ். எந்தத் துறை, எந்த முகடு என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. குவார்ட்டர்ஸில் என்னோடு அம்மா இருந்தாள். சொந்த வீடு கண்ணமங்கலத்தில். சனிக்கிழமை மதியம் ஆபீஸ் ஜீப் சந்தவாசல் வரை இறங்கும். அங்கிருந்து பஸ் பிடித்தால் இருட்டுவதற்குள் வீடு போய்விடலாம்.

நான் சேர்ந்தபோது ஸ்டோரில் இருந்தவை கண்ணாடிக் குழல் வால்வுகள், டிரான்சிஸ்டர்கள், கேபிள் சுருள்கள், நட்டு போல்ட்டுகள். இரண்டாம் வருடம் பழைய இயந்திரங்களில் பாதியை எடுத்துவிட்டுப் புதியவை வைத்தார்கள். அவற்றுக்குள் செருகும் சர்க்யூட் கார்டுகளில் ஐ.சி. எனப்படும் சிப்புகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. உதிரியாகவும் மூன்று பெட்டி வந்தது. நிலையப் பொறுப்பாளர், நாங்கள் இன்சார்ஜ் என்று அழைத்தவர், என்னைக் கூப்பிட்டு, இவை வெளிநாட்டிலிருந்து வருபவை, தீர்ந்துபோனால் மெட்ராசுக்கு எழுதி வாங்க ஆறேழு மாதம் ஆகும், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எப்படிப் பத்திரமாக வைப்பது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பொருளை ஈரம் படாமல், தூசி படியாமல், எண் போட்டு வரிசையாக வைப்பதுதான் பத்திரம் என்று எனக்குத் தெரியும். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

ஐ.சி. என்பது சுண்டு விரல் நகத்தைவிடச் சற்று நீளமான கறுப்புக் கட்டி. இரண்டு பக்கமும் ஏழெட்டு உலோகக் கால்கள். ஸ்டோரைப் பெருக்க வந்த மலைக்காரப் பெண் அதை மரவட்டை என்பாள். அவளுக்குக் கொஞ்சம் சாமை நிலமும் இரண்டு புளிய மரமும் இருந்தன. காலையில் எங்களுக்கு இரண்டு மணி நேர வேலை செய்துவிட்டுக் காட்டுக்குப் போய்விடுவாள். மரவட்டைகள் கறுப்பு நுரை அட்டையில் கால்கள் புதையக் குத்தப்பட்டு வந்தன. மூன்று பெட்டியில் இரண்டைப் பிரித்து அலமாரியில் வைத்தேன். மூன்றாவதைப் பாலிதீன் சுற்றியபடியே அடித்தட்டில் போட்டேன்.

அந்த வருடம் மழை விடாமல் பெய்தது. மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து லெட்ஜர் தாள்களை உப்ப வைத்தது. கார்த்திகையில் ஒரு நாள் பிரித்த பெட்டிகளைத் திறந்து பார்த்தேன். நுரை அட்டை இளகிய வெல்லம் போலப் பிசுபிசுத்துக் கிடந்தது. ஐ.சி.க்களை எடுத்தால் கால்களில் கறுப்புத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு வந்தன. சிலவற்றில் பச்சை பூத்திருந்தது. இன்சார்ஜிடம் சொல்வதற்கு முன்பே சரி செய்துவிட வேண்டும் என்று நினைத்தேன். மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் ஸ்பிரிட் தொட்ட நைலான் பிரஷ்ஷால் துடைத்தேன். புது இயந்திரங்கள் வந்த மரப்பெட்டிகளில் வெள்ளைத் தெர்மக்கோல் நிறைய இருந்தது. அதைப் பிளேடால் பலகை பலகையாக அறுத்து, ஐ.சி.க்களை நான்கு நான்காகக் குத்தி, பக்கத்தில் மையால் எண் எழுதி, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்களில் அடுக்கினேன். மொத்தம் நூற்றுப் பதினான்கு. வெள்ளையின் மேல் கறுப்பு பளிச்சென்று இருந்தது. எது எங்கே என்று டப்பாவைத் திறக்காமலே சொல்லிவிடலாம்.

பிறகு இன்சார்ஜிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. டப்பாக்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். இனி ஈரமே வரக்கூடாது என்று ஏ.சி. குழாயை ஸ்டோர் வரைக்கும் நீட்டினார். காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் இயந்திரம் ஒன்றையும் அங்கே வைத்தார். தரைக்கு பிளாஸ்டிக் விரிப்பு ஒட்டினார்கள். மார்கழியில் மெட்ராசிலிருந்து ஆய்வுக்கு வந்த இரண்டு அதிகாரிகளை அவர் நேராக என் ஸ்டோருக்குத்தான் அழைத்து வந்தார். மற்ற நிலையங்களும் இதைப் பார்த்துக் கற்க வேண்டும் என்று அவர்களில் ஒருவர் அறிக்கையில் எழுதினார். அந்த வரியை நான் ஒரு தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

நிலையத்தில் பழுது பார்ப்பவர் வாணியம்பாடிக்காரர். தோல் வியாபாரக் குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லாம் அதில் இருக்க, இவர் மட்டும் பாலிடெக்னிக் படித்து இங்கே வந்திருந்தார். நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். அதிகம் பேசமாட்டார். அவர் பற்றவைத்த இடத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் கம்பெனியில் வைத்ததா இவர் வைத்ததா என்று தெரியாது. இதை மற்ற நிலையங்களிலிருந்து வந்தவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

தை பிறந்து மழை ஈரம் விலகியதும் இயந்திரங்களில் தொந்தரவு தொடங்கியது. பாய் பழுதான கார்டைக் கழற்றுவார், கெட்ட ஐ.சி.யைக் கண்டுபிடிப்பார், என்னிடம் கையெழுத்துப் போட்டுப் புதியது வாங்கிப் போவார். பற்றவைத்தால் வேலை செய்யாது. இன்னொன்று வாங்கிப் போவார். அதுவும் செய்யாது. மூன்றாவது ஓடும், ஒன்பதாம் நாள் நின்றுவிடும். இரண்டு மாதத்தில் பதினேழு ஐ.சி.க்கள் இப்படிப் போயின. ஒருமுறை அரை நாள் முழுக்க இணைப்பே இல்லாமல் கிடந்தது.

இன்சார்ஜ் தனக்குத் தெரிந்த காரணத்தைச் சொன்னார். பாய் சால்டரிங் அயர்னை அதிக நேரம் வைக்கிறார், சூட்டில் உள்ளே வெந்துபோகிறது. பாய் அயர்னுக்குச் சின்ன முனை மாற்றினார். பிறகு ஐ.சி.யின் இடத்தில் சாக்கெட்டைப் பற்றவைத்து, ஆறிய பிறகு ஐ.சி.யை அதில் செருகினார். சூடு படவே வழியில்லை. அப்படியும் கெட்டன. அப்படியானால் கை அழுத்தம் என்றார் இன்சார்ஜ். மெட்ராசுக்கு அறிக்கை போனது. மாசிக் கடைசியில் பாய்க்கு ஒரு மெமோ வந்தது. கவனக்குறைவாகக் கையாண்டதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். இடமாற்றம் வரும் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

மெமோ வந்த மறுநாள் அவர் ஸ்டோருக்கு வந்தார். வழக்கமாக ஜன்னலுக்கு வெளியே நிற்பவர், அன்று உள்ளே வந்து டப்பாக்களைப் பார்த்தார்.

"மேடம், இதுங்கள நீங்க எப்படி எடுத்துக் குடுக்கறீங்க?"

"இன்னா பாய், என் மேலயா சந்தேகம்?"

"சந்தேகம்லாம் இல்லீங்க. என் கைக்கு வர்றதுக்கு முன்னாடி இன்னா ஆவுதுன்னு தெரிஞ்சா நல்லாருக்கும்."

அதிகாரிகளே பார்த்துப் பாராட்டிவிட்டுப் போன ஸ்டோர் இது என்று நான் சொன்னேன். வாரம் ஒரு முறை பிரஷ்ஷால் தூசி தட்டுகிறேன், ஒன்றின் மேலாவது ஒரு துளி அழுக்கு இருந்தால் காட்டுங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். என் பக்கம் நியாயம் இருப்பதாக எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த மாதங்களில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. அதை யாரும் ஐ.சி.க்களோடு சேர்த்துப் பார்க்கவில்லை. காலையில் இரும்பு பீரோவின் கைப்பிடியைத் தொட்டால் எனக்குச் சுரீரென்று அடிக்கும். மலை ஈரத்தில் சீக்கிரம் காயும் என்று நான் தினமும் நைலக்ஸ் என்னும் நைலான் சேலைதான் கட்டுவேன். காலில் ரப்பர் செருப்பு. பெருக்க வரும் பெண் சாவிக்கொத்தை என் கையிலிருந்து வாங்குவதை நிறுத்திவிட்டாள். மேசையில் வைக்கச் சொல்லி எடுத்துக்கொள்வாள். ஏன் என்று கேட்டதற்கு, "உங்கள தொட்டா சுருக்குனு கடிக்குது ஸ்டோரம்மா" என்றாள். எங்கோ கரண்ட் கசிகிறது என்று நினைத்து எலக்ட்ரீஷியனை அழைத்துக் காட்டினேன். அவர் டெஸ்டரை எல்லா இடத்திலும் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்.

பங்குனியில், போன வருடம் கேட்டிருந்த ஐ.சி.க்களில் ஒரு சிறு பார்சல் வந்தது. ஒரு வியாழக்கிழமை அதைப் பிரித்தேன். கறுப்பு நுரைக்கு மேல் நான்காக மடித்த ஓர் அச்சுத் தாள் இருந்தது. முந்தைய பெட்டிகளில் அப்படி எதுவும் இல்லை. இருந்து நான் தவறவிட்டேனா என்றும் சொல்ல முடியாது. தாளின் மேலே ஒரு கை, அதன் விரல் நுனியிலிருந்து ஐ.சி.க்கு ஒரு மின்னல் கோடு. கீழே ஆங்கிலத்தில் பத்துப் பன்னிரண்டு வரிகள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று முறை படித்தேன்.

உலர்ந்த காற்றில் மனித உடம்பிலும் துணியிலும் மின்சாரம் சேரும். நாம் உணராத அளவே ஐ.சி.யின் உள்ளே இருக்கும் மெல்லிய படலத்தைத் துளைத்துவிடும். சில உடனே சாகும். சில அரைகுறையாக அடிபட்டுக் கொஞ்ச நாள் ஓடி நிற்கும். வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. கறுப்பு நுரை மின்சாரத்தைக் கடத்தும். எல்லாக் கால்களையும் ஒன்றாக இணைத்து வைப்பதற்காகவே அதில் குத்துகிறார்கள். அதிலிருந்து எடுத்துச் சாதாரண பிளாஸ்டிக்கிலோ வெள்ளை நுரையிலோ வைக்கக் கூடாது. நைலான் துணியும் நைலான் பிரஷ்ஷும் கூடாது. பருத்தி உடுத்த வேண்டும். தொடுமுன் எர்த் கம்பியைத் தொட வேண்டும்.

எதைச் செய்யக் கூடாது என்று அந்தத் தாளில் இருந்ததோ, அது ஒன்று விடாமல் என் ஸ்டோரில் இருந்தது. தாளை மடித்து இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். வெள்ளிக்கிழமை அதை எடுக்கவில்லை. பார்சலில் வரும் தாளை யாரும் கேட்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை ஜீப்பில் பாய் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். தாள் என் கைப்பையில் இருந்தது. ஏன் எடுத்துக்கொண்டேன் என்று சொல்லத் தெரியவில்லை. சந்தவாசலில் நல்ல டிரங்குப் பெட்டி கிடைக்குமா என்று என்னிடம் கேட்டார். சாமானை இப்போதே கட்ட ஆரம்பித்தால் ஆர்டர் வரும்போது அவசரப்பட வேண்டாம் என்றார். ஆரணிக்குப் போனால் கிடைக்கும் என்றேன். கைப்பையை நான் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கண்ணமங்கலம் வீட்டில் உருப்படியாக ஒரு வேலையும் செய்யவில்லை. திங்கள் காலை பெட்டியிலிருந்து ஒரு கைத்தறிச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு மலை ஏறினேன்.

நேராக இயந்திர அறைக்குப் போய்த் தாளை அவரிடம் கொடுத்தேன். வியாழக்கிழமையே வந்தது, நான்தான் வைத்திருந்தேன் என்று சொன்னேன். அவர் நின்றபடியே படித்தார். திரும்ப மேலிருந்து படித்தார்.

"வெள்ளையில எத்தனை வெச்சிருந்தீங்க?"

"நூத்திப் பதினாலு. இப்போ தொண்ணூத்தேழு."

"அடியில பிரிக்காத பெட்டி ஒண்ணு கெடக்குதே, அது?"

"அது நுரையிலயே இருக்குது. தொடவே இல்ல."

அன்று மதியம் சோதித்துப் பார்த்தோம். ஐ.சி.யைச் செருகினால் நல்லதா கெட்டதா என்று காட்டும் ஒரு சிறு பலகையை அவர் செய்து வைத்திருந்தார். பிரிக்காத பெட்டியிலிருந்து இருபது, வெள்ளையிலிருந்து இருபது. பெட்டியில் இருந்தவற்றுக்குப் பாலிதீன் சுற்றியிருந்ததால் ஈரமும் ஏறவில்லை, இருபதும் நல்லவை. வெள்ளையில் இருந்தவற்றில் ஏழு செத்திருந்தன. ஏழாவதை எடுத்து வைத்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. நோட்டில் எண்ணை மட்டும் எழுதினார்.

நான் இன்சார்ஜிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி, மெட்ராசுக்கு என் பெயரில் ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், அனுப்பி வையுங்கள் என்றேன். ஏ.சி. குழாயை நீட்டியது அவர். அதிகாரிகளுக்குக் காட்டியதும் அவர். "நீங்க ஏம்மா தலையக் குடுக்கறீங்க? அவருக்கு வரப்போறது டிரான்ஸ்பர்தான், வேலையா போவப்போவுது?" என்றார். அவர் கெட்டவர் அல்ல. அறிக்கை ஒன்று போன பிறகு அதற்கு மாறாக இன்னொன்று போவது அவருக்குப் பிடிக்கவில்லை. நான் கொடுத்த கடிதத்தை வாங்கி டிரேயில் வைத்தார். பத்து நாள் கழித்தும் அது டிரேயிலேயே இருந்தது. நகல் ஒன்று என்னிடம் இருந்தது. அடுத்த சனிக்கிழமை சந்தவாசல் தபாலாபீஸில் அதைப் பதிவுத் தபாலில் போட்டேன்.

பதில் வருவதற்கு முன் பாயின் இடமாற்ற ஆர்டர் வந்துவிட்டது. மூன்று வாரம் அவகாசம் இருந்தது. அந்த மூன்று வாரத்தில் தினமும் மாலை நான்கு மணிக்கு ஸ்டோருக்கு வருவார். இருவருமாக எல்லாவற்றையும் மாற்றினோம். கறுப்பு நுரை தனியாகக் கிடைக்கவில்லை. சந்தவாசல் மளிகைக் கடையில் தேயிலை வரும் மரப்பெட்டிகளின் உட்புறம் அலுமினியத் தாள் ஒட்டியிருக்கும். அவரே போய் நான்கு பெட்டியின் தாளை உரித்து வாங்கி வந்தார். ஐ.சி.க்களின் கால்கள் எல்லாம் தாளில் படும்படி சுற்றினோம். பீரோவிலிருந்து பூமிக்கு ஒரு செம்புக் கம்பி இறக்கினார். பழைய கைக்கடிகாரத்தின் உலோகப் பட்டையிலிருந்து அந்தக் கம்பிக்கு வயர் இணைத்து, நடுவில் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு ரெசிஸ்டரும் வைத்து, எனக்கு ஒன்று, தனக்கு ஒன்று செய்தார். ரெசிஸ்டர் எதற்கு என்று கேட்டேன். தப்பித்தவறி மெயின் கரண்டைத் தொட்டுவிட்டால் அது இல்லாமல் நான் பிழைக்கமாட்டேன் என்றார். ஐ.சி.யின் காலைத் தொடாதீங்க, இடுப்பைப் பிடிச்சுத் தூக்குங்க என்று சொல்லிக் கொடுத்தார்.

ஈரத்தை இழுக்கும் இயந்திரத்தை நிறுத்திவிடலாமா என்று நான் கேட்டதற்கு, மழைக் காலத்தில் மறுபடி கால் பூத்துவிடும் என்றார். சுவரில் ஓர் ஈரமானி மாட்டி, முள் நடுவில் நிற்கும்படி இயந்திரத்தைப் போட்டு நிறுத்திப் பழகினேன். டப்பாவுக்கு ஒரு துணிப்பை சிலிக்கா ஜெல்லும் வைத்தோம். நீலமாக இருக்கும், ஈரம் குடித்தால் வெளுத்து ரோஸ் ஆகிவிடும். பழைய தோசைக்கல்லில் வறுத்தால் திரும்ப நீலமாகும். பெருக்க வரும் பெண் அந்த வேலையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். நிறம் மாறுவது அவளுக்குப் பிடித்திருந்தது.

வெள்ளையில் இருந்து மிஞ்சியவற்றை என்ன செய்வது என்பதில்தான் முடிவு எடுக்க முடியவில்லை. தொண்ணூற்றேழையும் சோதித்ததில் முப்பத்தாறு செத்திருந்தன, அறுபத்தொன்று வேலை செய்தன. ஆனால் அவற்றில் எது அரைகுறையாக அடிபட்டது என்று எந்தப் பலகையும் காட்டாது. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. சிவப்பு மையில் குறியிட்டுத் தனியாக வைத்து, சோதனைக் கருவிகளுக்கு மட்டும் கொடுப்பது, ஓடும் இயந்திரத்தில் போடுவதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

கடைசி நாள் அவர் ஜீப்புக்குக் காத்திருந்தபோது நான் போய், அன்றைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது, மன்னிச்சிடுங்க என்றேன்.

"அதெல்லாம் வுடுங்க மேடம். நீங்க தாளக் காட்டறதுக்கு முன்னாடி ரெண்டு மாசமா எங் கையி சரியில்லன்னு நானே நம்பிக்கிட்டிருந்தேன். வூட்டுல அண்ணன்கிட்ட கூட சொல்லிட்டேன், திரும்பி வந்துடறேன், தோல் வேலைக்கே வந்துடறேன்னு."

"இப்போ?"

"இப்போ போய்ட்டு வேலையில சேர்றேன்."

ஜீப் வந்தது. டிரங்குப் பெட்டியை ஏற்ற டிரைவரோடு நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.

மெட்ராஸ் பதில் ஆடியில் வந்தது. இரண்டு கடிதங்கள். ஒன்றில், பாய் மேல் எழுதப்பட்ட கவனக்குறைவுக் குறிப்பு நீக்கப்படுகிறது என்று இருந்தது. இடமாற்றத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. மற்றது எனக்கு. ஐ.சி.க்களைச் சேமிக்கும் முறை பற்றி எழுத்துமூலமான உத்தரவு எதுவும் இல்லாததால் என் மேல் தவறு காணவில்லை. ஆனால் மேலதிகாரி வழியாக அனுப்பாமல் நேரடியாகக் கடிதம் எழுதியதற்கு எச்சரிக்கை. ஐ.சி.க்களைக் கெடுத்ததற்கு எனக்கு எதுவும் வரவில்லை. இன்சார்ஜ் எச்சரிக்கையை என்னிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கியபோது இருவருமே சிரிக்கவில்லை. மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த பாராட்டு வரியை அன்று எடுத்துக் கிழித்துப் போட்டேன்.

புரட்டாசியில் பாயிடமிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. புது இடத்தின் ஸ்டோரிலும் தெர்மக்கோல்தான், அங்கே இருப்பவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, அந்தத் தாளைத் தமிழில் எழுதி அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். இரண்டு நாள் எடுத்துக்கொண்டு எழுதினேன். எங்கள் நிலையத்தில் தமிழ் டைப்ரைட்டர் இல்லாததால் கையால்தான் எழுத வேண்டியிருந்தது. நான்கு கார்பன் வைத்து அழுத்தி எழுதி, மற்ற நிலையங்களுக்கும் சேர்த்து அனுப்பலாம் என்று இன்சார்ஜிடம் கொண்டு போனேன். அச்சுத் தாளில் இல்லாத ஒரு வரியைக் கடைசியில் சேர்த்திருந்தேன். இந்த நிலையத்தின் ஸ்டோர் கிளார்க் தெர்மக்கோலில் வைத்ததால் ஐம்பத்து மூன்று ஐ.சி.க்கள் கெட்டன என்று. அதை எடுத்துவிடும்படி அவர் சொன்னார். அது இருந்தால்தான் படிப்பவர்கள் நம்புவார்கள் என்றேன். அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார். பிறகு ஐந்து தாளிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கடைசிக் கார்பன் தாளில் எழுத்து தெரியவில்லை. அதில் மட்டும், அவர் கையெழுத்துக்கு மேலே இருந்த மங்கிய வரிகளின் மேலேயே, தனியாக உட்கார்ந்து மறுபடியும் எழுதினேன்.